மாஸ்டருக்கு நான் கொண்டுபோன கணக்கு

என்னை டியூஷனிலிருந்து துரத்திய மாஸ்டரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணம் இப்போதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் கணக்கு டியூஷன் தேடி அலைந்ததைப் பற்றி எழுதும்போது நான் பொறுப்பான தகப்பன் போலத் தெரியக்கூடும். தேடிய நாட்களில் பாதி நாள் நான் தேடியது அவளுக்காக அல்ல.

நான் ஒன்பதாவது படித்தபோது டோல்கேட் பக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் டியூஷன் நடந்தது. தகரக் கூரை. மாஸ்டருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்டேன். அது விதி என்றார். விதி சரி, ஏன் என்று மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கேட்டதும் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"டேய், உனுக்கு இன்னாத்துக்குடா இதெல்லாம்? ஹார்பர்ல மூட்ட எண்றதுக்குப் பத்து வெரலு போதும். எழுந்துக்கோ. நடையக் கட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் ஹார்பரில்தான் மூட்டை தூக்கினார்கள். என் அப்பாவும்தான். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாடிப்படி இறங்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் விஜயவாடா போகும் லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன்.

அதன் பிறகு பல ஊர்கள். ஹைதராபாத்தில் ஓட்டலில் தட்டு கழுவினேன். மங்களூரில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கும் வேலை. அங்கே இடது கை சுண்டுவிரலில் பாதி போயிற்று. காய்ச்சலில் கிடந்த நாட்களிலும், ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாட்களிலும் அந்த மாஸ்டரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் வாக்கியங்கள் மாறின. ஆள் மாறவில்லை.

கடைசியில் ஊருக்கே திரும்பினேன். கல்யாணம், ஒரு மகள். எண்ணூர் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வரும் பெட்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நாலு ஆங்கில எழுத்து இருக்கும், அடுத்து ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஒரே ஓர் இலக்கம். ஒரு மழை நாளில் துரு ஏறிய கதவில் எட்டை மூன்று என்று படித்து எழுதிவிட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் அதை வாங்க மறுத்தது. பெட்டியை ஒருதரம்கூடப் பார்க்காத அந்த மெஷினுக்கு நான் தப்பாக எழுதியது எப்படித் தெரிந்தது?

ஆபீஸில் இருந்தவர், "முன்னாடி கீற நம்பரோட கட்டத்துல கீற நம்பரு ஒத்துப்போவணும்ணே. எப்டின்னு எனுக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும்" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். முதல் இடைப்பருவத் தேர்வில் கணக்கில் இருபத்தொன்பது. பதினொன்றாவதில் கம்ப்யூட்டரும் கணக்கும் சேர்ந்த குரூப் வேண்டும் என்பது அவள் ஆசை. கணக்கில் எழுபதுக்குக் குறைந்தால் அந்த குரூப் கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். என் மனைவி ராயபுரத்தில் இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். அதே மாஸ்டர். இப்போது டோல்கேட்டிலேயே மூன்று மாடிக் கட்டடம், ஏசி ஹால், வாசலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் நிறைந்த பேனர்.

"அந்தாளாண்டயே சேத்து வுட்ரலாம். எல்லாப் புள்ளைங்களும் அங்கதான் போவுது" என்றாள் மனைவி.

"அவனாண்ட என் பொண்ணு போவாது."

"உன்னத் தொரத்தி எவ்ளோ வருசம் ஆவுது? அந்தாளுக்கு நெனப்பே இருக்காது. நீதான் அதையே புடிச்சிகினு தொங்குற."

"எனுக்கு நெனப்பு கீதில்ல?"

"உன் ரோசத்துக்கு இது பெயிலாவணுமா? வர ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு அப்பா அம்மாவெல்லாம் வரச் சொல்லி மீட்டிங் கீதாம். மருவாதையா வந்து சேரு."

மீட்டிங் என்றதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. ஹால் நிறைய பெற்றோர். நடுவில் அந்த ஆள். என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. எல்லோர் முன்னாலும் கேட்டால்? ஆனால் எனக்கே பதில் தெரியாத கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் அவன் என்ன சொன்னாலும் நான் தலையாட்ட வேண்டியதுதான். முதலில் பதில் கிடைக்க வேண்டும்.

"சரி. நடுவுல வேற டியூஷனும் நாலு பாக்கறேன்" என்றேன். மகளுக்கு ஒரே சந்தோஷம். அப்பா தனக்காக ஒவ்வொரு டியூஷனாக ஏறி இறங்குகிறார் என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

காலடிப்பேட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டே டியூஷன் எடுக்கும் ஒருவரிடம் போனோம். பெட்டியின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "இது எக்ஸாமுக்கு வராதுண்ணா. வராதத பட்ச்சா டைம் வேஸ்டு" என்றார். நெட்டுக்குப்பத்தில் ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அது கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்குப் போடும் எண் என்று முடித்துவிட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வழியில் மகள், "அவுரு நல்லாத்தான் சொல்லித் தருவாரு போலக்குது நைனா" என்றாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது இடம் விம்கோ நகரில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அவர் மனைவி கணக்கில் பட்டம் வாங்கியவர். கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். நாங்கள் போனபோது, "துவரம்பருப்பு மூட்டைல உக்காராத, கிழிஞ்சிரும். அரிசி மூட்டைல உக்காரு" என்று ஒரு பெண்ணை அதட்டிக்கொண்டிருந்தார்.

என் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியலையே" என்றார்.

ஒரு கணக்கு டீச்சர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்பது அதுதான் முதல்முறை.

"ஒரே ஒரு நம்பர வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்து நம்பரா ஏழெட்டு கெடச்சா கொண்டாங்க, பாப்போம்."

கிடைத்தது. புதிதாகச் செய்த காலிப் பெட்டிகள் வரும்போது எண் வரிசையாகவே வரும். இரண்டு நாள் காத்திருந்து ஒரே வரிசையில் எட்டுப் பெட்டிகளைப் பிடித்தேன். ஆறாவது இலக்கம் ஒன்று முதல் எட்டு வரை ஏறிக்கொண்டே போனது. மற்றதெல்லாம் மாறவில்லை. கட்டத்துக்குள் இருந்தவை: 1, 7, 2, 8, 3, 9, 4, 0.

டீச்சர் அதைச் சுவரில் பூசிய கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கேட்டார். ஒருத்தி, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பார்த்தால் 1, 2, 3, 4 என்று வருகிறது என்றாள். இன்னொருத்தி, நடுவில் ஏழு, எட்டு, ஒன்பது இருக்கிறது, ஆனால் கடைசியில் இடிக்கிறது என்றாள். என் மகள் அரிசி மூட்டையில் உட்கார்ந்து விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறு ஆறா ஏறுது மிஸ்" என்றாள் திடீரென்று. "ஒண்ணு, ஏழு. ஏழும் ஆறும் பதிமூணு. அதுல பதினொண்ணு போனா ரெண்டு. ரெண்டும் ஆறும் எட்டு. எட்டும் ஆறும் பதினாலு, பதினொண்ணு போனா மூணு."

"பதினொண்ண எதுக்குட்டி கழிக்க?"

"தெர்ல மிஸ். கழிச்சா கரீட்டா வருது."

"அப்ப கடைசில? நாலும் ஆறும் பத்து. பதினொண்ணு இல்லையே. சைபர் எப்படி வந்திச்சி?"

வாசலில் நின்றிருந்த நான், "கட்டத்துல ஒரு நம்பருக்குத்தான் மிஸ் எடம். பத்து ரெண்டு நம்பராச்சே" என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு, பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து இரண்டாவது பாடத்தைத் திறந்தார். கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்று வருவதுபோல், இங்கே பதினொன்றுக்கு ஒருமுறை சுற்று முடிகிறது என்றார். முள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு இடம் தாவுகிறது. அதற்குப் புத்தகத்தில் தனிப் பெயரே இருந்தது. பத்து வருடமாக நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது என் மகளின் புத்தகத்தில் அச்சாகி இருந்தது.

எனக்கு அப்போது எழுந்தது படிப்பின் மேல் மரியாதை என்று சொன்னால் பொய். கையில் கத்தி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

திரும்பும்போது மகள் சொன்னாள்: "நைனா, எனுக்கு இந்த மிஸ்ஸே போதும்."

டியூஷன் தேடும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும், "ஞாயித்துக்கெயம அங்கயும் ஒருதபா பாத்துகினு வந்துரலாம்" என்றேன். அது எனக்காக மட்டும் சொன்னது.

ஞாயிறு காலை மூன்று பேரும் போனோம். ஹாலில் இருநூறு பேர் இருப்பார்கள். மாஸ்டர் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். தொப்பை விழுந்திருந்தது. குரல் மட்டும் அதே குரல். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் காது சூடாயிற்று. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். எழுந்தேன். எட்டு எண்களையும் சொல்லி, இது எப்படி வருகிறது என்று கேட்டேன்.

"சார், இது நம்ம சிலபஸ்ல இல்ல" என்று சிரித்தார்.

"கீது சார். ரெண்டாவது பாடம்."

என் மகள் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினாள். அவர் அடுத்தவருக்குக் காட்டினார். சலசலப்பு.

"ஓ, அதுவா? அது சின்ன போர்ஷன் சார். நாங்க சாய்ஸ்ல விட்டுடுவோம். டைம்ம வீணாக்கக் கூடாது பாருங்க."

அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வென்றாயிற்று. ஆனால் ஊர் ஊராகத் தயார் செய்த வாக்கியங்கள் தொண்டையில் நின்றன. வெளியே வந்தது கொஞ்சம்தான்.

"ஒம்பதாவது படிக்கசொல்ல உங்களாண்டதான் சார் படிச்சேன். ஹார்பர்ல மூட்ட எண்றதுக்குப் பத்து வெரலு போதும்னு சொல்லித் தொரத்துனீங்க. எண்ணிகினுதான் கீறேன்." இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "இப்ப ஒம்பதரதான் கீது."

அவர் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் மைக்கோடு இறங்கி வந்து என் தோளில் கை போட்டார்.

"பாருங்க! என்னோட பழைய ஸ்டூடன்ட்! அன்னிக்கு நான் அப்படிச் சொன்னதாலதான் இவருக்குள்ள ஒரு வெறி வந்துச்சு. இன்னிக்கு என்னையே கேள்வி கேக்கறாரு. ஒரு மாஸ்டருக்கு இதவிட என்ன சார் வேணும்?"

கைதட்டினார்கள். இருநூறு பேரும். என் மனைவியும் தட்டினாள். என் மகளைக் கூப்பிட்டு போர்டில் போடச் சொன்னார். அவள் எட்டு எண்களையும் போட்டுக் காட்டினாள். மறுபடி கைதட்டல். "இந்தப் பாப்பாவுக்கு ஏ பேட்ச். முன் வரிசை" என்று அறிவித்தார். அவர் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது. ஈரமாக, கனமாக. அதைக் கடித்துவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.

மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"இந்தக் கணக்க இவுரு சொல்லித் தர்ல. விம்கோ நகர்ல மளிகைக் கடையில ஒரு மிஸ் சொல்லித் தந்தாங்கோ. இவுரு பரீட்சைக்கு மூணு மாசம் முன்ன, சுமாரா படிக்கிற புள்ளைங்களக் கய்ட்டி வுட்ருவாரு. பேனர்ல நூறு மட்டும் தெரியணும் இல்ல? எங்க பக்கத்து வூட்டுப் பொண்ண அப்டித்தான் அனுப்புனாங்கோ. உங்க புள்ள நூறு வாங்குமான்னு நல்லா ரோசன பண்ணிகினு சேருங்கோ."

மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். கடைசி வரியைக் கத்தித்தான் சொன்னேன். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே சிலர் இறங்கி வந்தார்கள். "யோவ் மாமு, எந்தக் கடைபா அது?" என்று கேட்டார்கள். அடையாளம் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். அவ்வளவு நல்ல காலைப்பொழுது எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

பஸ் ஸ்டாப்பில் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மகள் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முன் வரிசைல எடம் குத்தாரு நைனா."

"நீதானே அந்த மிஸ்ஸே போதும்னு சொன்ன?"

"சொன்னேன். ஆனா அங்க வச்சி நீ என்ன ஒரு வார்த்த கேக்கலியே."

பஸ் வந்தது.

அந்த வாரமே மளிகைக் கடையில் பதினொரு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். எல்லாம் நான் வழி சொல்லி அனுப்பியவர்கள். அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, வெல்லப் பெட்டி எல்லாவற்றின் மேலும் பிள்ளைகள். கடைக்காரர், இது கடையா பள்ளிக்கூடமா என்று மனைவியிடம் சத்தம் போட்டார். என் மகள் சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினால், அவளுடைய முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அரையாண்டுத் தேர்வில் ஐம்பத்திரண்டு. எழுபதுக்குப் பதினெட்டு குறைவு. அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல டீச்சரையும் நானே கூட்டம் கூட்டிப் பாழாக்கியிருந்தேன்.

டீச்சரைப் பார்க்கப் போனேன். சர்க்கரை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒங்களுக்கு அவர் மேல கோவம்னா, அதுக்கு என் கடைதான் கெடச்சிதா?"

"தப்புதான் மிஸ்."

"என்ன தப்புன்னு தெரியுதா?"

"தெரியுது மிஸ். பொண்ணு கணக்குல நெல்லா வரணும். அது ஒண்ணுக்குத்தான் வந்துகீறேன்."

பொட்டலத்தில் நூலைச் சுற்றி அறுத்தார். "காலைல அஞ்சரைக்கு அனுப்புங்க. கடை தொறக்க முந்தி ஒரு மணி நேரம் கெடைக்கும். இன்னும் ரெண்டு பிள்ளைங்க வரும். நாலாவதா யாரையும் கூட்டிட்டு வந்துராதீங்க."

தினமும் சைக்கிளில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். பாதி மூடிய ஷட்டருக்கு வெளியே தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அவள் கேட்பது காதில் விழும். "ஏன் மிஸ்?" என்பாள். டீச்சர் சொல்வார். மறுபடி, "அது சரி மிஸ், ஆனா ஏன்?" என்பாள். டீச்சர் வேறு மாதிரி சொல்வார். ஒருநாள் ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டாள். நான் எண்ணினேன். ஐந்தாவது முறையும் டீச்சர் சொன்னார். அந்த மாஸ்டரை அன்றைக்குத்தான் நான் மிக அதிகமாக வெறுத்தேன். ஐந்து முறை சொல்ல முடிகிற விஷயம் அது என்று எனக்கு அதுவரை தெரியாது.

பொதுத் தேர்வில் கணக்கில் எண்பத்தொன்று. அவள் கேட்ட குரூப் கிடைத்தது.

மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு நேராக டோல்கேட் போகக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்தாளுக்கோசரமா நான் பட்ச்சேன்?" என்றாள்.

தாள் இல்லாமலே போனேன். மாஸ்டர் வகுப்பில் இருப்பதாக ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னாள். ஒரு சீட்டில் எண்பத்தொன்று என்று எழுதி அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"யாரோட மார்க் சார்?"

"என் பொண்ணுது."

"எந்த பேட்ச்?"

"இங்க படிக்கல."

அவள் குழப்பத்தோடு சீட்டை வாங்கிக்கொண்டாள். அது அவர் கைக்குப் போயிற்றா, குப்பைக்குப் போயிற்றா தெரியாது. படி இறங்கும்போது கோபம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். குறையவில்லை. அது என்னோடு இருக்கட்டும். எனக்குப் பழகிவிட்டது.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. கணக்கு வேறு மாதிரி இருக்கிறதாம். பத்தாவது வரைக்கும்தான் தன்னால் முடியும் என்று விம்கோ நகர் டீச்சர் சொல்லிவிட்டார். மறுபடி டியூஷன் பார்க்க வேண்டும். நேற்று ராயபுரத்தில் ஓர் இடத்துக்குப் போனோம், முதல் மாடி. படியில் கால் வைத்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ கீயயே இரு நைனா. கேக்க வேண்டியத நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.